மாமா வழியும் கணக்குத்தான்

கேள்வி: எனக்கு 27 வயது. தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மா 41 வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அம்மாயி வயிற்றில் நீர் கட்டிச் செத்ததாகச் சொல்வார்கள். இப்போது தாய்மாமன் மகனுக்கு என்னைக் கேட்கிறார்கள். “அது பொம்பள சீக்கு, மாமாவுக்கும் மகனுக்கும் அதில என்ன இருக்கு” என்கிறார் மாமி. லண்டனில் இருக்கும் சித்தி மகள் எச்சிலில் மரபணுப் பரிசோதனை செய்து ஒன்றுமில்லை என்று வந்ததாம். நான் பயப்பட வேண்டுமா அக்கா?
– ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, மாமி சொல்வதையே முதலில் எடுக்கிறேன். அந்தப் பிழையை நானும் விட்டிருக்கிறேன். தோட்டத்தில் மருத்துவிச்சியாக இருந்த காலத்தில், மார்பில் கட்டி என்று யார் வந்தாலும் “அம்மாவுக்கு இருந்துச்சா, அக்காவுக்கு இருந்துச்சா” என்றுதான் கேட்பேன். அப்பா வழியைக் கேட்டதே இல்லை. என் சொந்த அத்தை, “விறகுக்கட்டு இடிச்சிருச்சு” என்று சொல்லி ஒரு வருடம் கட்டியை மறைத்தார். கிளினிக்குக்குப் போனால் அரைப்பேர்தான் (அரைநாள் கூலி) விழும் என்ற கவலை வேறு. கடைசியில் நான் கையை வைத்துப் பார்த்தபோது கட்டி கல்லாக இருந்தது; மேல்தோல் உள்ளே இழுத்து, தோடம்பழத் தோல் போலப் புள்ளி விழுந்திருந்தது. அப்பாயியும் அப்படித்தான் போனார் என்று அப்பா அன்றைக்குத்தான் வாய் திறந்தார்.

பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற இரண்டு மரபணுக்களும் ஆண் பெண் எல்லாருக்கும் உண்டு. உடைந்த டி.என்.ஏ.யைச் சரிசெய்வது அவற்றின் வேலை; அவை பழுதானால் புற்றுநோய் ஆபத்து கூடும். ஒரு பிரதி அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. பெற்றவரிடம் ஒரு பிரதி பழுதாக இருந்தால், மகனோ மகளோ ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மாயியிடம் இருந்திருந்தால், மாமா நோயில்லாமலே அதைச் சுமந்து மகனுக்குக் கொடுத்திருக்கலாம். ஆண்களுக்கும் முன்னிற்கும் சுரப்பி (புரொஸ்டேட்) புற்றுநோய் ஆபத்து, முக்கியமாக பி.ஆர்.சி.ஏ. 2 பழுதானால், கூடும்.

பழுது உள்ள பெண்களில் 80 வயதுக்குள் நூற்றுக்கு எழுபது பேரளவில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. சூலகப் புற்றுநோய், முதல் மரபணுவென்றால் 44 பேருக்கு, இரண்டாவதென்றால் 17 பேருக்கு. இவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சக் குடும்பங்களைப் பார்த்து எடுத்த கணக்கு. மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துதான். சூலகப் புற்றுநோயிலும் வயிற்றில் நீர் கட்டும்; ஆனால் அம்மாயிக்கு ஈரல் நோயாகவும் இருந்திருக்கலாம். இருந்தாலும் 41 வயதும் அந்த வயிறும் ஒரே குடும்பத்தில் இருப்பதால், விசாரிக்காமல் விடாதீர்கள்.

லண்டன் முடிவை நம்பி இருக்காதீர்கள். அஷ்கெனாசி யூதர்களில் ஏறத்தாழ 40 பேரில் ஒருவருக்கு இந்தப் பழுது உண்டு; அதில் மூன்றே மூன்று வகைப் பழுதுகள்தான் பெரும்பாலும். வீட்டுக்கு வரும் சில எச்சில் பெட்டிகள் அவற்றை மட்டுமே தேடின. திருச்சி, சேலம் பக்கமிருந்து கங்காணி கூட்டி வந்த நம் சனத்துக்கு அந்தப் பட்டியல் பொருந்தாது. நமக்கு மரபணு முழுவதையும் வாசிக்க வேண்டும். முழுதாக வாசித்தாலும், நம் போன்ற குறைவாக ஆராயப்பட்ட மக்களில் “நல்லதா கெட்டதா தெரியாது” என்ற முடிவு அடிக்கடி வரும். அதை வைத்து எந்தச் சத்திரசிகிச்சைக்கும் சம்மதிக்க வேண்டாம். மேலும், சித்தி மகளுக்கு இல்லை என்பதால் உங்களுக்கும் இல்லை என்றாகாது.

கலியாணம்: நீங்கள், மாப்பிள்ளை இருவரிடமும் ஒரே பி.ஆர்.சி.ஏ. 2 பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு பழுதுப் பிரதிகளோடு பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அது பான்கோனி இரத்தசோகை. எலும்புக்குள் இரத்தம் உண்டாக்கும் என்பு மச்சை செயலிழக்கும், குழந்தையிலேயே புற்றுநோய் வரும். பேச்சை முறிக்கச் சொல்லவில்லை. நிச்சயத்துக்கு முன்னே மரபியல் ஆலோசனைக்குப் போங்கள். கண்டி அல்லது நுவரெலியா புற்றுநோய் வைத்தியரிடம் கேட்டால், கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவபீட மரபியல் பிரிவு போன்ற இடத்துக்கு அனுப்பும் வழி சொல்வார்.

போகுமுன் மாமாவிடம் தனியாக உட்காருங்கள். அம்மாயிக்கு வயிறு வீங்கியபோது என்ன வயது, எந்த வைத்தியசாலை, மரண அத்தாட்சிப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, அவருடைய அண்ணன் தம்பிகள் எதில் போனார்கள் என்று கேட்டு, ஒரு கொப்பித்தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.