வீடு கட்டுவோர் கேள்வி பதில்: மூடுவதற்கு முன் தண்ணீர் விட்டுப் பாருங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குப் பக்கத்தில் நன்கொடைப் பணத்தில் மண்டபம் கட்டுகிறோம். கூரை, சுவர், ஜன்னல் எல்லாவற்றையும் கட்டும்போதே சோதித்து வாங்க வேண்டும், அதற்குத் தனியாக ஒருவரைப் போட வேண்டும் என்கிறார் குழு உறுப்பினர் ஒருவர். குத்தகையாளரோ, "அதான் கட்டி முடித்ததும் ஆர்க்கிடெக்ட் சிசிசி சான்றிதழ் கொடுப்பாரே, அது போதும்" என்கிறார். யார் சொல்வது சரி?
— கோயில் நிர்வாகக் குழுச் செயலாளர்

பதில்: உங்கள் குழு உறுப்பினர் சொல்வதுதான் சரி. 2007-இல் சிஎஃப்ஓ என்ற பழைய குடிபுகு சான்றுக்குப் பதிலாக வந்த சிசிசி, அங்கீகரித்த வரைபடப்படி கட்டடம் எழும்பியிருக்கிறது, புழங்கத் தகுந்தது என்பதற்கான சான்று. அஸ்திவாரம், பிளம்பிங், மின்சாரம் என வேலை வாரியாக ஜி1 முதல் ஜி21 வரையிலான படிவங்களில் செய்தவரும் மேற்பார்த்தவரும் கையெழுத்துப் போடுவார்கள். ஒவ்வொரு ஜன்னல் ஓரத்திலும் தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள் என்று அந்தக் கையெழுத்துக்குப் பொருள் இல்லை.

கட்டடத்தின் வெளிப்போர்வையை, அதாவது கூரை, வெளிச்சுவர், ஜன்னல், தரை ஆகியவற்றைத் திட்டத்தின் முதல் நாளிலிருந்தே சோதித்துச் சோதித்து வாங்குவதற்கென்றே ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் இ 2813 நெறிமுறை இருக்கிறது. பெரிய கட்டடங்களுக்கு எழுதப்பட்டது என்றாலும் அதன் சாரம் உங்கள் மண்டபத்துக்கும் பொருந்தும். குத்தகையாளரிடம் சம்பளம் வாங்காத, அனுபவமுள்ள ஒரு மேற்பார்வையாளரை நீங்களே அமர்த்துங்கள். தினமும் வர வேண்டியதில்லை. ஒவ்வொரு அடுக்கையும் மூடும் நாளில் வந்தால் போதும்.

ஒப்பந்தத்தில் "ஒழுகக் கூடாது" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்த இடத்தில், எந்தச் சோதனை, எவ்வளவு நேரம், தோற்றால் மறுசோதனைச் செலவு யாருடையது என்று எழுதுங்கள். கையெழுத்துக்கு முன் எழுதினால் அது விலைக்குள் அடங்கும். பின்னால் கேட்டால் வி.ஓ., அதாவது ஒப்பந்தத்தில் இல்லாத மாற்று வேலை என்று தனியாகப் பணம் கேட்பார்கள்.

அடுத்து, வரைபடத்தின் குறுக்குவெட்டுப் படத்தை எடுத்து, கூரைத் தகடு, கட்டர் (கூரை ஓரத்து நீர்க்கால்), சுவர், ஜன்னல், தரை என்று மழைநீரைத் தடுக்கும் கோட்டைப் பென்சிலை எடுக்காமல் வரைந்து பாருங்கள். எங்கே பென்சிலை எடுக்க வேண்டி வருகிறதோ அங்கேதான் பின்னால் ஒழுகும். பெரும்பாலும் அது கூரை சுவரோடு சேரும் இடம், கட்டர் முனை, ஜன்னலின் அடிப்பக்கம், குழாய் துளைத்துப் போகும் இடம் ஆகியவைதான். ஒவ்வொன்றுக்கும் பெரிய அளவில் விவரப் படம் கேளுங்கள். சரியாக வரைய முடியாத இணைப்பு, தளத்தில் கொத்தனார் கையில் தானாகச் சரியாகிவிடாது.

ஜன்னல்களில் முதலில் ஒன்றை மட்டும் பொருத்தச் சொல்லுங்கள். அலுமினியச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சிமெண்டுக் கலவை முழு ஆழத்துக்கும் போயிருக்கிறதா, கீழ்ச் சட்டத்தின் இரு மூலைகளும் திருகாணித் துளைகளும் அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கீழ்ச் சட்டத்தின் வெளிமுகத்தில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். பூச்சு வேலை செய்பவர்கள் தெரியாமல் அவற்றைச் சிமெண்டால் அடைத்துவிடுவது மிகச் சாதாரணம். அப்படி அடைத்துவிட்டால் சட்டத்துக்குள் சேரும் நீர் உள்பக்கம்தான் வழியும். சுவர் இணைப்பைச் சோதிக்க, அதற்கான நாசிலை 300 மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து, 30 முதல் 35 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 1.5 மீட்டர் நீளத்துக்கு 5 நிமிடம் அடிப்பது வழக்கம். இது அசையாத இணைப்புகளுக்கு உரிய சோதனை. திறந்து மூடும் கதவு இடுக்கில் இதே அழுத்தத்தில் அடித்துவிட்டுக் குறை சொல்லக் கூடாது. முதல் ஜன்னல் தேறிய பிறகே மற்றவற்றைப் பொருத்தட்டும்.

பூச்சு பூசும் முன், டைல்ஸ் ஒட்டும் முன், சீலிங் மூடும் முன் என்று மூன்று இடங்களில் வேலை நிற்க வேண்டும். மேற்பார்வையாளர் பார்த்து, அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து, எழுதிக் கொடுத்த பிறகுதான் அடுத்த வேலையும் அடுத்த பட்டுவாடாவும். குறைகள் சரிசெய்யப்படும்வரை குத்தகையாளருக்குக் கொடுக்காமல் நிறுத்திவைக்கும் தொகை பொதுவாக ஒப்பந்த விலையில் 5 விழுக்காடு. மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பரில்தான் மழை வலுக்கும். அந்தப் பருவம் ஒன்று கடந்த பிறகு அதைக் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். ஊரார் உழைத்துக் கொடுத்த வெள்ளி இது. இந்தக் கண்டிப்பு யாரையும் அவமதிப்பது ஆகாது.

கேள்வி: தாமான் வீட்டின் பின்னால் சமையலறையை நீட்டிக் கட்டினோம். பழைய சுவரும் புதுக் கூரையும் சேரும் இடத்தில் ஒவ்வொரு மழைக்கும் ஒழுகுகிறது. சிலிக்கான் பூசிப் பூசி அலுத்துவிட்டது.
— இல்லத்தரசி

பதில்: அம்மா, மேலே மேலே பூசுவதை நிறுத்துங்கள். பழைய வீடு ஓர் அஸ்திவாரத்தில், புதுச் சமையலறை வேறோர் அஸ்திவாரத்தில் நிற்கிறது. புதியது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்போது இணைப்பு விரியும், பூச்சு பிய்ந்துகொள்ளும்.

முதலில் நீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மழை இல்லாத நாளில் ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்கட்டும். வெளியே ரப்பர் குழாயால் கீழிருந்து தொடங்குங்கள்: முதலில் கூரைத் தகட்டின் கீழ்ப்பகுதி, பிறகு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்கள், பிறகு இணைப்பு, கடைசியாக இணைப்புக்கு மேலுள்ள சுவர். ஒவ்வோர் இடத்திலும் 10 முதல் 15 நிமிடம். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது காரணம் என்று தெரியாது.

இணைப்பில்தான் கசிவு என்றால், கூரைக்கு மேல் 150 மில்லிமீட்டர் உயரத்தில் பழைய சுவரில் மெஷினால் காடி வெட்ட வேண்டும். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் 25 மில்லிமீட்டர் போக வேண்டும். அதில் ஃபிளாஷிங்கை, அதாவது இணைப்பை மூடும் மடித்த தகட்டைச் செருகி, பாலியூரித்தேன் சீலண்டால் அடைத்து, கீழ் விளிம்பைக் கூரைத் தகட்டின் மேல் படிய விடுங்கள். அந்த விளிம்பைத் தகட்டோடு திருகாணி போட்டு இறுக்கக் கூடாது. கூரை இறங்கினாலும் ஃபிளாஷிங் அதன் மேல் வழுக்க வேண்டும். மேலுள்ள சுவரில்தான் கசிவு என்றால் வெடிப்பை அடைத்து வெளிப்பூச்சு அடிக்காமல் ஃபிளாஷிங் மட்டும் போட்டுப் பயனில்லை, நீர் செங்கல்லுக்குள்ளேயே கீழிறங்கிவிடும்.

கேள்வி: மொட்டைமாடிக்கு வாட்டர் புரூஃபிங் போட்டாயிற்று. எத்தனை மணி நேரம் தண்ணீர் தேக்க வேண்டும்?

பதில்: குறைந்தது 24 மணி நேரம், டைல்ஸ் போடுவதற்கு முன். மிகக் குறைந்த ஆழமுள்ள இடத்திலும் 25 மில்லிமீட்டர் நீர் நிற்க வேண்டும். ஆனால் தேக்கும் முன் எஞ்சினியரைக் கேளுங்கள்: 50 மில்லிமீட்டர் நீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ, 100 சதுர மீட்டர் மாடியில் 5 டன். பக்கத்தில் ஒரு வாளி நீரையும் வெயிலில் வையுங்கள். வாளியில் குறைந்த அளவே மாடியிலும் குறைந்தால் அது ஆவியானது. அதைவிட அதிகம் குறைந்தால் கசிவு. கீழே சீலிங் மூடாமல் இருக்கட்டும். பூச்சு சுவரோரம் 150 மில்லிமீட்டர் மேலேறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஏர்கான் அறைக்கு அடுத்த அறையில் அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கிறது. மழை இல்லாத நாளிலும் ஈரம். குழாய் கசிகிறதா?

பதில்: குழாயாக இல்லாமலும் இருக்கலாம். 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நம்மூர்க் காற்று, 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகும். ஏர்கானை 18-இல் ஓட்டினால் நடுச்சுவர் அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடும். சுவரைத் துடைத்து, 450 மில்லிமீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விடுங்கள். தாளின் வெளிமுகத்தில் நீர் நின்றால் காற்றின் ஈரம், உள்முகத்தில் நின்றால் சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம். காற்றின் ஈரம்தான் என்றால் ஏர்கானை 25-இல் வைத்து, குளிர்காற்று நேரே சுவரில் படாமல் திருப்பி, அலமாரியைச் சுவரிலிருந்து 100 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். அந்தச் சுவரில் வினைல் வால்பேப்பர் ஒட்டாதீர்கள். அதன் பின்னால் ஈரம் சிறைப்பட்டுவிடும்.

கேள்வி: தகரக் கூரையில் ஸ்குரூ போட்ட இடமெல்லாம் சொட்டுகிறது. சிலிக்கான் வைக்கலாமா?

பதில்: ரப்பர் வாஷரைப் பாருங்கள். வெடித்திருந்தால் வெயிலில் காய்ந்தது, பிதுங்கியிருந்தால் அதிகம் முறுக்கியது. பழைய ஸ்குரூவைக் கழற்றி ஒரு சுற்று பருமன் கூடிய ஸ்குரூவை ஈபிடிஎம் ரப்பர் வாஷரோடு போடுங்கள். ஸ்குரூவைச் சாய்க்காமல் நேராக இறக்கி, வாஷர் லேசாக அமுங்கியதும் நிறுத்துங்கள். சிலிக்கான் வைத்தே ஆக வேண்டும் என்றால் நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை தகரத்தை அரிக்கும்.