நெடுஞ்சாலை ஓரத்து வரலாற்றுப் பலகைகளை யாராவது நிறுத்திப் படிப்பதுண்டா?

கேள்வி: அமெரிக்காவில் நெடுஞ்சாலை ஓரம் "வரலாற்றுப் பலகை, 1 மைல்" என்று போட்டிருக்கிறார்களே, அதை யாராவது வண்டியை நிறுத்திப் படிப்பதுண்டா? ஒரு கிராமப்புறக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அப்படிப் பார்க்க என்னதான் இருக்கும்?

பதில்:

நான் படிப்பேன். ஆனால் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினுக்கு வந்த முதல் சில ஆண்டுகள் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. எழுபது மைல் வேகத்தில் போகும்போது அந்த அறிவிப்பு கண்ணில் படும். நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் பலகையும் பின்னால் போய்விடும்.

அப்பா விசிட்டர் விசாவில் வந்தபோதுதான் இந்தப் பழக்கம் வந்தது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். எழுத்து என்று எதைக் கண்டாலும் வாய்விட்டுப் படித்து முடித்த பிறகுதான் நகர்வார். "நிறுத்துப்பா, என்னமோ எழுதியிருக்கு" என்று அவர் சொல்லச் சொல்ல நிறுத்தி, ஒன்றேகால் மணி நேரத்தில் போக வேண்டிய ஊருக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு தாண்டித்தான் போய்ச் சேர்ந்தோம். அந்த ஊர் கன்சாலஸ். டெக்சஸின் 254 கவுண்டிகளில் ஒன்றான கன்சாலஸ் கவுண்டியின் தலைநகர். கவுண்டி முழுவதற்கும் சேர்த்தே இருபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள்தான். கோழிப் பண்ணைகள், மாடுகள், நடுநடுவே எண்ணெய்க் கிணறுகள். பார்த்தால் இங்கே என்ன நடந்திருக்கும் என்றுதான் தோன்றும். அதற்குப் பிறகு நான் மட்டும் நாலைந்து முறை போய்விட்டேன். எனக்குத் தெரிந்த கவுண்டி இது என்பதால் இதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பலகையைப் படிக்கும் விதம். எல்லாரும் மேலிருந்து கீழே படிப்பார்கள். நான் கடைசி வரியில் தொடங்குவேன். டெக்சஸில் வழக்கமாகக் காணும் அலுமினியப் பலகைகளில் வாசகம் முடிந்ததும் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆண்டு இருக்கும். அது சம்பவம் நடந்த ஆண்டு இல்லை, பலகை வைத்த ஆண்டு. இன்னொரு வகை, கருங்கல்லில் வெண்கல நட்சத்திரமும் மலர்வளையமும் பதித்தது. அதைக் கண்டால் ஆண்டைத் தேடவே வேண்டாம், பெரும்பாலும் 1936-தான். டெக்சஸ் மெக்சிகோவிடமிருந்து பிரிந்த நூற்றாண்டு விழா அது. பொருளாதாரப் பெருமந்தம் நடந்துகொண்டிருந்த நேரம். மாநில அரசு 30 லட்சம் டாலர், மத்திய அரசு 30 லட்சம் டாலர் என்று ஒதுக்கி மாநிலம் எங்கும் கல் நட்டார்கள், சிலை வைத்தார்கள், அருங்காட்சியகம் கட்டினார்கள். இப்போது மாநிலத்தில் 16,000-க்கும் மேல் பலகைகள் இருக்கின்றன. அரசாங்கம் தானாக வந்து வைப்பதில்லை. உள்ளூர்க்காரர் யாராவது ஆதாரங்களைத் திரட்டி, கவுண்டியின் வரலாற்றுக் குழு வழியாக விண்ணப்பித்து, பணமும் கட்ட வேண்டும். பொதுவாக விஷயம் 50 ஆண்டு பழையதாக இருக்க வேண்டும். ஆளைப் பற்றியது என்றால் அவர் இறந்து 10 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். ஆகவே பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, அதை எப்போது, யார் கேட்டு வைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் ருசி.

சரி, கன்சாலஸுக்கு வருவோம். இந்த ஊரின் பெரிய கதை ஒரு பீரங்கி.

1825-இல் இந்த ஊர் உருவானபோது டெக்சஸ் மெக்சிகோவின் பகுதி. கிரீன் டிவிட் என்பவர் மெக்சிகோ அரசிடம் அனுமதி வாங்கி அமெரிக்கர்களைக் குடியேற்றினார். ஊருக்கு வைத்த பெயரே, டெக்சஸும் அடங்கிய மெக்சிகோ மாநிலத்தின் அப்போதைய ஆளுநர் ரஃபேல் கன்சாலஸின் பெயர். 1831-இல், பூர்வகுடிகளின் தாக்குதலைச் சமாளிக்க என்று மெக்சிகோ அரசே ஒரு பீரங்கியைக் கொடுத்து வைத்தது. நான்கு ஆண்டு கழித்துக் குடியேறிகளுக்கும் அரசுக்கும் ஆகாமல் போனதும், "பீரங்கியைத் திருப்பிக் கொடுங்கள்" என்று ஆள் அனுப்பியது. ஊர்க்காரர்கள் கொடுக்கவில்லை. பிறகு லெப்டினன்ட் கஸ்டனீடா என்பவர் சுமார் நூறு குதிரைவீரர்களோடு வந்தார். குவாடலூப் ஆற்றில் வெள்ளம். ஊர்க்காரர்கள் படகையெல்லாம் இந்தக் கரைக்கு இழுத்துக்கொண்டார்கள். பதினெட்டுப் பேர் கரையில் நின்று ஏதேதோ சாக்குச் சொல்லி நாளைக் கடத்த, அக்கம்பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

1835 அக்டோபர் 2 காலையில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிறிய சண்டை. கல்யாணச் சேலை மாதிரி ஒரு திருமண உடையைக் கிழித்து ஊர்ப் பெண்கள் கொடி தைத்தார்கள் என்பது இங்கே வழங்கும் கதை. வெள்ளைத் துணியில் கறுப்பாக ஒரு நட்சத்திரம், ஒரு பீரங்கி, கீழே "வந்து எடுத்துக்கோ" என்று அர்த்தம் வரும்படி நாலு சொல். நம்மூர்த் தெருச்சண்டையில் "முடிஞ்சா எடுத்துப் பாரு" என்போமே, அதே தொனி. இன்றைக்கு டெக்சஸில் எந்த டிரக்கின் பின்னால் பார்த்தாலும் இந்தக் கொடி ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். சண்டை என்னவோ சீக்கிரம் முடிந்துவிட்டது. டெக்சஸ் தரப்பில் பெரிய சேதம், குதிரையிலிருந்து விழுந்த ஒருவரின் மூக்கில் ரத்தம்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் கஸ்டனீடாதான். முடிந்தவரை சண்டையைத் தவிர்க்கச் சொல்லி அவருக்கு உத்தரவு. நடுவில் பேச்சுவார்த்தைக்கு வந்தபோது, தனக்கும் மெக்சிகோ அதிபர் சாண்டா அன்னாவின் ஆட்சி பிடிக்காது, ஆனால் சிப்பாய் என்பதால் உத்தரவை மீற முடியாது என்று எதிர்த்தரப்புத் தலைவரிடம் சொல்லியிருக்கிறார். இவருக்குச் சிலை இல்லை.

சிலைகள் மற்றவர்களுக்கு உண்டு. ஊர் நடுவிலேயே 1910-இல் பொம்பியோ கொப்பினி என்ற இத்தாலியச் சிற்பி செய்தது ஒன்று. சண்டை நடந்த பக்கம், ஊரிலிருந்து ஏழு மைல் தென்மேற்கே காஸ்ட் என்ற சின்னக் கிராமத்தில், அவருடைய மாணவி வால்டீன் டாக் 1935-இல் செய்த வெண்கலச் சிற்பத்தோடு பெரிய நினைவுச் சின்னம். இது நிற்பது சண்டை நடந்த இடத்திலேயே அல்ல, சாலைக்கு வசதியான இடத்தில். உண்மையான இடம் இன்னும் ஆற்றை ஒட்டிப் போக வேண்டும். கார் வந்துவிட்ட காலத்தில் வைத்தது என்பது இதிலேயே தெரிகிறது.

பீரங்கி என்ன ஆனது என்கிறீர்களா? ஊர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டு மாவாட்டுகிற கிரைண்டரைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதிகம். 1936 வெள்ளத்தில் சாண்டீஸ் ஓடைக் கரையில் வெளிப்பட்டது. இதுதான் அந்தப் பீரங்கி என்று ஊர் சாதிக்கிறது. ஆறு பவுண்டு குண்டு போடும் பீரங்கி என்றல்லவா பழைய ஆவணத்தில் இருக்கிறது, இது அந்த அளவே இல்லையே என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் கேட்கிறார்கள். அப்பா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கா நூறு பேர் குதிரையில வந்தாங்க?" என்றார். பக்கத்தில் நின்ற அமெரிக்கப் பாட்டிக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

வேடிக்கை இத்துடன் சரி. அடுத்த கதையைக் கேட்டால் சிரிப்பு வராது.

ஐந்தே மாதம் கழித்து, சான் ஆன்டோனியோவில் டெக்சஸ்காரர்கள் இருந்த அலமோ கோட்டையை மெக்சிகோ படை முற்றுகையிட்டது. உதவி கேட்டு வந்த கடிதத்துக்கு உள்ளே நுழைந்து பதில் சொன்னவர்கள் இந்த ஊர் ஆட்கள். 1836 மார்ச் 1 விடிவதற்கு முன் 32 பேர் முற்றுகையைத் தாண்டிக் கோட்டைக்குள் போனார்கள். மார்ச் 6-இல் கோட்டை விழுந்தது. அவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. சில தெருக்களே இருந்த ஊரில் இது எப்படி இறங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மார்ச் 13-இல் சூசன்னா டிக்கின்சன் கைக்குழந்தையோடு வந்து செய்தி சொன்னார். அவரும் இதே ஊர். கணவர் அல்மெரான் கொல்லர், அக்டோபரில் அந்தப் பீரங்கியை இயக்கியவர்களில் ஒருவர், அலமோவில் இறந்தார்.

டெக்சஸ் படைத் தலைவர் சாம் ஹூஸ்டன் இரண்டு நாள் முன்னதாக வந்து படை திரட்டிக்கொண்டிருந்தார். செய்தி கேட்ட இரவே கிழக்கே பின்வாங்க முடிவு செய்தார். எதிரிக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்று ஊருக்குத் தீ வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். பீரங்கிக்காக அடம்பிடித்த ஊரை, பிடித்தவர்களே கொளுத்தினார்கள். ஊர்க்காரர்கள் இருட்டிலும் மழையிலும் சேற்றிலும் ஓடினார்கள். வழியில்தான் தெரிந்தது, மேரி மில்சாப்ஸ் என்ற கண் தெரியாத பெண்ணைக் குழந்தைகளோடு விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று. அவருடைய கணவரும் அந்த 32 பேரில் ஒருவர். ஹூஸ்டன் ஆள் அனுப்பி அவர்களைத் தேடி அழைத்து வரச் செய்தார்.

பின்வாங்கிய படை தங்கியதாகச் சொல்லப்படும் ஓக் மரம் இன்னும் இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே 90ஏ சாலையில் சுமார் பத்து மைல், பீச் ஓடைக்குப் பக்கம். மரம் தனியார் நிலத்தில் நிற்பதால் வேலிக்கு வெளியே நின்றே பாருங்கள். கிளைகள் தரையைத் தொடுவது போலத் தாழ்ந்து பரந்திருக்கும். இந்தக் கவுண்டியில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு இங்கே போகச் சொல்வேன்.

ஊருக்குள் இன்னும் சில உண்டு. 1896-இல் கட்டி முடித்த செங்கல் கோர்ட் கட்டடம், ஜேம்ஸ் ரீலி கார்டன் வடிவமைத்தது, அழகு. அதன் கோபுரக் கடிகாரத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 1921-இல் தூக்கிலிடப்பட்ட ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற கைதி ஜெயிலிலிருந்து அந்தக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மீதி மணிகளை எண்ணினாராம், அது இனி ஒருபோதும் சரியாக ஓடாது என்று சாபமிட்டாராம். நான் போன அன்று என் போனோடு ஒத்துத்தான் போனது, அதனால் சாபத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

பக்கத்திலேயே 1887-இல் கட்டிய அந்தப் பழைய ஜெயில், இப்போது அருங்காட்சியகம். உள்ளே தூக்குமேடையைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு அங்கே நினைவுக்கு வந்தது கிரிகோரியோ கொர்தெஸ். 1901-இல் பக்கத்துக் கார்ன்ஸ் கவுண்டியில் ஒரு ஷெரிஃப், அதாவது கவுண்டியின் போலீஸ் தலைவர், இவரிடம் விசாரிக்க வந்தார். "குதிரை கைமாற்றினாயா?" என்று மொழிபெயர்ப்பாளர் ஆண்குதிரைக்கான ஸ்பானியச் சொல்லில் கேட்க, இவர் "இல்லை" என்றார். ஏனென்றால் அவர் கைமாற்றியது பெண்குதிரை. ஒரு சொல் பிசகி, துப்பாக்கி வெடித்து, ஷெரிஃப் இறந்தார். தப்பி வந்தவரைத் தேடி கன்சாலஸ் கவுண்டி ஷெரிஃப் குளோவர் பெல்மான்ட் பக்கம் போனபோது அங்கேயும் சண்டை. குளோவரும் இன்னொருவரும் செத்தார்கள். பத்து நாள் துரத்தலுக்குப் பிறகு பிடிபட்டு இந்த ஜெயிலுக்கு வந்தவரை, முந்நூறு பேர் திரண்டு வந்து இழுத்துப்போட்டுக் கொல்லப் பார்த்தார்கள். பல வழக்குகள், மேல்முறையீடுகள். கடைசியில் 1913-இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். மெக்சிகோ வம்சாவளியினர் இவரைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். கல் நட வாய்ப்பில்லாதவர்கள் பாட்டாக வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இதைத்தான் ஆண்டைப் பாருங்கள் என்று சொன்னேன். ஊர் நடுவே ஒரு சதுக்கத்துக்கு கான்ஃபெடரேட் சதுக்கம் என்றே பெயர், நடுவில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சண்டையிட்ட தெற்குத் தரப்புச் சிப்பாய்களுக்கு நினைவுச் சின்னம். அந்தப் போர் முடிந்தது 1865. சின்னம் வந்தது நாற்பது ஆண்டுக்கும் மேல் கழித்து. ஊருக்கு வடக்கே வால் (Waul) கோட்டை என்று மண்மேடுகள் இருக்கின்றன, அதே போர்க் காலத்தில் அடிமைகளை வைத்துக் கட்டியது. அங்கே சண்டையே நடக்கவில்லை. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் நான் பார்க்கவில்லை. இப்போது மாநில வரலாற்று ஆணையம் விண்ணப்பக் கட்டணங்களில் வரும் பணத்தைக் கொண்டு, இப்படி விட்டுப்போனவர்களுக்கென்றே தனியாகப் பலகை வைக்கிறது. நல்ல காரியம், ஆனால் 1936-இல் கொட்டிய பணத்துக்கு முன் இது சில்லறை.

போவதாக இருந்தால் ஆஸ்டினிலிருந்து 183 நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். லாக்ஹார்ட், லூலிங் தாண்டினால் சுமார் 65 மைலில் ஊர். வழியில் ஆட்டைன் பக்கம் பால்மெட்டோ மாநிலப் பூங்கா இருக்கிறது. குட்டைப் பனை மாதிரி விசிறி இலைச் செடிகள் சதுப்பில் அடர்ந்து கிடக்கும். 1930-களில் வேலையில்லாத இளைஞர்களை வைத்து அரசு கட்டிய கல் மண்டபம் ஒன்றும் அங்கே உண்டு. அதன் கூரையை முதலில் இந்த இலைகளால்தான் வேய்ந்திருந்தார்கள். அப்பா அந்தச் செடிகளைப் பார்த்ததும் நுங்கு கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது.

பலகைக்கு அருகே வண்டி நிறுத்த பெரும்பாலும் இடம் விட்டிருப்பார்கள், வளைவில் நிறுத்தாதீர்கள். செருப்போடு புல்லில் இறங்க வேண்டாம். தீ எறும்புப் புற்று பலகைக் கம்பத்தின் அடியில்தான் இருக்கும். காஸ்டில் எனக்குக் கடித்த தடம் இரண்டு வாரம் போகவில்லை.