ஆறு பக்கம் எழுதினேன், மார்க் எங்கே?

கும்பகோணத்தில் சிவில் வழக்குகள் நடத்தும் மூத்த பெண் வழக்கறிஞர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு இப்போது திருச்சியில் மூன்றாண்டு சட்டப்படிப்பு, முதலாண்டு படிக்கிறேன். பி.ஏ.வில் கட்டுரைக் கேள்வி என்றால் வகுப்பில் நான்தான் முதல். இங்கே ஒரு கற்பனை வழக்கைக் கேள்வியாகக் கொடுத்தார்கள். ஒருவர் மூன்று மா நஞ்சையை வாய்மொழிக் குத்தகைக்குப் பிடிக்கிறார். பிறகு சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுகிறார். மனைவியும் மகனும் வயலில் இறங்கிப் பாடுபடுகிறார்கள். குத்தகை நெல் பாக்கி இல்லை. நில உரிமையாளர், "எழுத்தும் இல்லை, ஆளும் ஊரில் இல்லை, காலி பண்ணு" என்கிறார். ஆலோசனை கூறுக. ஆறு பக்கம் எழுதினேன். பாதி மார்க்கூட வரவில்லை. என்ன தப்பு, மேடம்?
– வாசகி, வலங்கைமான்

பதில்: அந்த ஆறு பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன்மா. பண்ணை முறை, 1952-ல் வந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1968 கீழவெண்மணி, கடைசியில் "உழுபவனுக்கே நிலம்". எல்லாம் நம்ம மண்ணில் நடந்ததுதான். ஆனால் சிங்கப்பூர்க்காரர் மனைவி என் ஆபீசுக்கு வந்து, "எங்களைக் காலி பண்ண முடியுமாம்மா?" என்று கேட்டால் நான் 1952-லிருந்தா ஆரம்பிப்பேன்?

"முடியாது" என்று முதல் வரியிலேயே எழுது. அடுத்து, எந்தச் சட்டம் அப்படிச் சொல்கிறது: 1955-ம் ஆண்டு சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். அதில் யார் சாகுபடிக் குத்தகைதாரர் என்ற வரையறையைத் துண்டு துண்டாகப் பிரி. அடுத்தவர் நிலமாக இருக்க வேண்டும். குத்தகை ஒப்பந்தம் இருக்க வேண்டும். வெளிப்படையாகவும் இருக்கலாம், உட்கிடையாகவும், அதாவது சொல்லாமலே நடத்தையில் தெரிவதாகவும் இருக்கலாம். தன் உடலுழைப்பையோ குடும்பத்தில் ஒருவரின் உடலுழைப்பையோ போட்டிருக்க வேண்டும். இப்போது கதையை எடுத்து ஒவ்வொரு துண்டின் மேலும் வை. எழுத்து இல்லை என்ற வாதம் இரண்டாவது துண்டில் அடிபடும். சிங்கப்பூர் மூன்றாவதில் அடிபடும். பாக்கி இருந்தால் வெளியேற்றக் கேட்கச் சட்டமே வழிவிடுகிறது. இங்கே பாக்கி இல்லை. முடிந்தது. ஒன்றரைப் பக்கம்.

அதற்கப்புறம் பி.ஏ.வில் யாரும் சொல்லித்தராத ஒரு வேலை இருக்கிறது: நமக்கு எதிரானதையும் எழுத வேண்டும். மனைவியும் மகனும் வரப்பில் நின்று கூலியாட்களை மட்டும் வேலை வாங்கினார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அப்படி நிரூபித்துவிட்டால் உடலுழைப்பு என்ற துண்டு ஆட்டம் காணும். ஆகவே அடங்கலில், அதாவது கிராமச் சாகுபடிக் கணக்கில், யார் பெயர், 1969-ம் வருஷச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்கிறதா, நெல் அளந்ததற்கு ரசீது உண்டா என்று கேட்டு எழுது. பலவீனத்தை மறைத்து எழுதிய பதில் எனக்குப் பதிலே இல்லை.

இன்னொன்று, அழகுக்காக ஆளை மாற்றி மாற்றிக் கூப்பிடுவது. ஒரே சொல் திரும்ப வரக்கூடாது என்று கட்டுரையில் பழகியிருப்பாய். முதல் பத்தியில் குத்தகைதாரர், இரண்டாவதில் உழவர், மூன்றாவதில் ஏழை விவசாயக் கூலி என்று எழுதினால், மூன்றாவது பத்தியில் உன் கட்சிக்காரரை நீயே தோற்கடித்துவிட்டாய். கூலிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கடைசி வரை குத்தகைதாரர் என்றே இருக்கட்டும். சலிப்புத் தட்டினால் தட்டட்டும்.

வரலாறு படித்தது வீண் என்று நினைக்காதே. தனிமனித சுதந்திரம் பற்றி 1950-ல் ஏ.கே. கோபாலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை 1978-ல் மேனகா காந்தி வழக்கு எப்படித் திருப்பிப்போட்டது என்பது உனக்குச் சட்டென்று பிடிபடும். கோபாலனை இன்றைய சட்டம் போல மேற்கோள் காட்டிவிடாதே, அவ்வளவுதான்.

கேள்வி: தமிழ் வழியில் படித்தவன் நான். பிராது எழுதப் பழகும்போது பத்திரத் தமிழ் வாயில் நுழையவில்லை. "ஷை" (மேற்படி என்பதன் சுருக்கம்), "மேற்படியார்" எல்லாம் கட்டாயமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கட்டாயமில்லை தம்பி. சிவில் நடைமுறைச் சட்டம், ஆணை 6, விதி 2 கேட்பது முக்கியமான சங்கதிகளைச் சுருக்கமாக. சாட்சியத்தைப் பிராதில் கொட்டாதே என்கிறது. "மூணு மா" என்று ஊரில் சொல்வதை 99 சென்ட் என்று எழுது, சர்வே எண் போடு, நான்கெல்லை போடு. அங்கே மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மாவட்ட நீதிமன்றம் வரை தமிழில் எழுதலாம், வாதாடலாம். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம், அரசியலமைப்பின் 348-வது பிரிவு. அதனால் தினம் ஒரு தீர்ப்பை ஆங்கிலத்தில் படித்து, சங்கதி, பிரச்சினை, முடிவு, காரணம் இந்த நாலையும் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதிப் பழகு. காரணம்தான் கஷ்டம், அதற்குத்தான் பாதிப் பக்கம்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதினால் என்ன?
– வாசகர், திருவையாறு

பதில்: 2023-ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் அப்படித்தான் இல்லாத தீர்ப்புகளைக் காட்டி மனு போட்டார்கள், 5,000 டாலர் அபராதம். முழுத் தீர்ப்பையும் நீயே திறந்து, அந்தப் பத்தியை உன் கண்ணால் பார்த்த பிறகு மேற்கோள் காட்டு.