பிடிஎஃப்-ஐப் பூட்ட எந்த மென்பொருள்?

சம்பள விவரம் உள்ள பிடிஎஃப்-ஐப் பூட்டி அனுப்பக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், இலவச லிப்ரே ஆபீஸ் போதும். பிடிஎஃப்-ஆக எக்ஸ்போர்ட் செய்யும்போது செக்யூரிட்டி டேபில் செட் பாஸ்வேர்ட்ஸ் அழுத்துங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான். கோப்பைத் திறக்க ஒன்று, நகலெடுப்பது போன்றவற்றின் அனுமதிக்கு ஒன்று என இரண்டு கடவுச்சொற்கள் கேட்கும். அனுமதிக்கு மட்டும் போட்டால் கோப்பு யாருக்கும் திறக்கும். அப்போது ‘நகலெடுக்காதே’ என்ற தடை வெறும் வேண்டுகோள், க்யூபிடிஎஃப் கருவி ஒரே கட்டளையில் அதைக் கழற்றிவிடும். திறக்கும் கடவுச்சொல்தான் நிஜப் பூட்டு. பிடிஎஃப்/ஏ (நீண்டகாலம் சேமித்து வைப்பதற்கான பிடிஎஃப் வடிவம்) டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள், அந்த வடிவம் குறியாக்கத்தை, அதாவது கடவுச்சொல் பூட்டை, ஏற்காது.

ஆதார் எண்மேல் கறுப்புப் பெட்டி வரைவதும் வீண். அடியிலுள்ள எண்ணை நகலெடுத்து ஒட்டினால் வந்து நிற்கும். லிப்ரே ஆபீஸின் டூல்ஸ் மெனுவிலுள்ள ரிடாக்ட் வசதியில் மறையுங்கள். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள்.