ரஷீதின் வீடு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆப்கானிஸ்தானில் நடக்கும் கதையான காலித் ஹுசைனியின் 'ஆயிரம் சூரியப் பேரொளி' நாவலை இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன். ரஷீதின் இரு மனைவியரான மரியமும் லைலாவும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. தாலிபான்கள் மட்டும் வந்திராவிட்டால் மரியம் எப்படி வாழ்ந்திருப்பாள் என்று நினைத்து நினைத்து ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு சந்தேகம். மயக்க மருந்து இல்லாமல் லைலாவின் வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுக்கும் இடம், கண்ணீரை வரவழைக்க எழுதிய மிகையோ?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். மிகை இல்லை. 1997-இல் காபூலின் மருத்துவமனைகள் பெண்களுக்குச் சிகிச்சை தரக் கூடாது என்று தாலிபான் அரசு உத்தரவிட்டது. ஊரிலிருந்த அத்தனை பெண்களுக்கும் ஒரே இடம் ஒதுக்கப்பட்டது. அங்கே சுத்தமான தண்ணீர் கிடையாது, அறுவைக்கு வேண்டிய கருவிகளும் கிடையாது. செஞ்சிலுவைச் சங்கம் பேச்சு நடத்திய பிறகே அந்த உத்தரவு தளர்ந்தது. நாவலில் மருத்துவர் புர்காவைக் கழற்றிவிட்டுக் கத்தியை எடுக்கிறார், யாராவது வருகிறார்களா என்று கதவருகே ஒரு செவிலி பார்த்துக்கொண்டு நிற்கிறாள் அல்லவா? 2021-இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த தாலிபான்கள், 2024 டிசம்பரில் செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சிக்கும் பெண்கள் வரக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். பிரசவ அறையில் இனி யார் நிற்பார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நாவலில் வரும் அந்த மருத்துவமனையின் பெயர் ராபியா பல்கி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாரசீகக் கவிஞர் அவர். காதலித்த குற்றத்துக்காகச் சொந்த அண்ணனே கொன்றான் என்றும், சாகும்போது குளியலறைச் சுவரில் தன் ரத்தத்தால் கவிதை எழுதினார் என்றும் கதை சொல்கிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் வேறு. தாலிபான்கள் வந்திராவிட்டாலும் மரியம் ஏறக்குறைய அப்படியேதான் வாழ்ந்திருப்பாள். சோறு சரியாக வேகவில்லை என்று ரஷீத் கூழாங்கற்களைக் கொண்டுவந்து அவள் வாயில் திணித்து மெல்லச் சொல்கிறானே, அது நடப்பது 1978-இல். காபூலில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த நேரம். கல்லோடு ரத்தமும் உடைந்த கடைவாய்ப் பற்களும் வந்து விழுகின்றன. அதே ஆண்டு அக்டோபரில் அந்த அரசு ஓர் ஆணை போட்டது: பெண்ணின் திருமண வயது 16, பெண்ணுக்காகக் கொடுக்கும் பணம் 300 ஆப்கானிக்கு மேல் போகக் கூடாது. நல்ல சட்டம்தான். பதினைந்து வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட மரியமுக்கு நான்கு ஆண்டு தாமதமாக வந்தது. நேரத்தில் வந்திருந்தாலும் ரஷீதின் சமையலறைக்குள் நுழைந்திருக்காது.

இரண்டு பெண்களும் கைக்குழந்தையோடு தப்பிக்கப் பார்ப்பது 1994-இல். அப்போது காபூல், முன்பு சோவியத் படையோடு போரிட்ட முஜாஹிதீன் குழுக்களின் கையில் இருந்தது, தாலிபான்கள் ஊருக்குள் வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. பஸ் நிலையத்தில் நம்பிய ஆள் காட்டிக்கொடுக்கிறான். காவல் அதிகாரியிடம், திருப்பி அனுப்பினால் அவன் எங்களைக் கொன்றுவிடுவான் என்கிறாள் லைலா. வீட்டுக்குள் நடப்பதில் நாங்கள் தலையிடுவதில்லை என்று பதில் வருகிறது. அவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. நாவலிலேயே என்னை அதிகம் பயமுறுத்திய மனிதர் அவர்தான்.

இதனால் தாலிபான்களின் பங்கு குறைந்துவிடாது. ரஷீத் வீட்டுக்குள் செய்ததைத் தெருவில் செய்யச் சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள். துணைக்கு ஆண் இல்லாமல் வெளியே வரக் கூடாது என்ற விதி இருக்கும்போது, அனாதை விடுதியில் இருக்கும் மகளைப் பார்க்க லைலா தனியாகப் போகிறாள். வெயில் நாளிலும் புர்காவுக்குள் இரண்டு மூன்று ஸ்வெட்டர்கள். விழப்போகும் அடியைத் தாங்கத்தான்.

நாவலிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ரஷீத் முழுக்க முழுக்கக் கெட்டவன். வெறுப்பதற்கு வசதியானவன். அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடலாம்.

ராபியாவைப் போலவே கவிஞரான நாதியா அஞ்சுமனின் வாழ்க்கையில் அந்த வசதி இல்லை. தாலிபான் காலத்தில் ஹெராத் நகரில் 'தங்க ஊசி' என்று ஒரு தையல் பள்ளி இருந்தது. பெண்கள் பையில் துணியும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு போவார்கள். துணிக்கு அடியில் நோட்டுப் புத்தகம். உள்ளே ஒரு பேராசிரியர் இலக்கியம் நடத்துவார். வாசலில் பிள்ளைகள் விளையாடுவார்கள், அவர்கள்தான் காவல். அங்கே போய் எழுதக் கற்றவர் நாதியா. 2001-இல் தாலிபான்கள் விழுந்தார்கள். நாதியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், 2005-இல் கவிதைத் தொகுப்பும் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், 25 வயதுகூட முழுதாக ஆகாத நிலையில் இறந்துபோனார். அடித்ததைக் கணவர் ஒப்புக்கொண்டார், கொன்றதை மறுத்தார். அவரும் படித்தவர், பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர்.

நாதியாவின் கவிதைகள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. இரண்டு இரவுகளில் முடிக்காமல் ஒவ்வொன்றாகப் படியுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ச.