ஸ்கைரிமில் வில்லாளி: கைக்கு முன்னால் கால்

கேள்வி: அண்ணே, நான் குலசேகரம் பக்கம். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். ஸ்கைரிம் என்ற வீடியோ கேம் ஆடுகிறேன். வுட் எல்ஃப் கேரக்டர், லெவல் 12. வில்லை மட்டும் வைத்தே முழு கேமையும் முடிக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் இரண்டு கொள்ளைக்காரர்கள் சேர்ந்து ஓடி வந்தால் செத்துவிடுகிறேன். அம்பும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. லெவல் ஏறும்போது கிடைக்கிற பெர்க் என்ற திறன் புள்ளிகளில், வில்லின் சேதத்தைக் கூட்டும் ஓவர்ட்ராவுக்கு ஒன்றுதான் போட்டேன், மீதி வாள், லைட் ஆர்மர், பூட்டுத் திறப்பு, பேச்சு என்று போய்விட்டது. ஆரம்பத்தில், சில திறன்களை வேகமாக வளர்க்கும் கற்களில் ஒன்றான தீஃப் ஸ்டோனைத் தொட்டேன். வில்லை விட்டு வாளுக்கு மாறிவிடவா?

பதில்: மாற வேண்டாம், தம்பி. உங்கள் வில்லில் குறை இல்லை. கடிதத்தில் என் கண்ணில் பட்டது "சேர்ந்து ஓடி வந்தால்" என்ற இடம்தான். எதிரி உங்களைப் பார்த்து ஓடி வருகிறான் என்றாலே பாதிச் சண்டை கைவிட்டுப் போயிற்று. அவன் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

அடிமுறை படிக்கப் போன நண்பர் யாராவது உங்களுக்கு இருப்பார்கள், நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சம் இல்லை. கேட்டுப் பாருங்கள். ஆசான் முதலில் சுவடு வைக்கத்தான் சொல்லித்தருவார். ஒற்றைச் சுவடு காலில் பதிந்த பிறகுதான் கைக்கு வேலை. ஸ்கைரிமின் வில்லாளியையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஹன்டிங் வில்லின் அடிப்படைச் சேதம் 7, இரும்பு அம்பு 8, மொத்தம் 15. ஸ்கில், பெர்க் எல்லாம் இதற்கு மேல் கூடுவது. எதிரி பார்க்காதபோது விட்டால் அதே அம்பு இரண்டு மடங்கு, அதாவது 30. ஸ்னீக் என்ற பதுங்கும் திறனின் மரத்தில், அதாவது அதன் பெர்க் வரிசையில், டெட்லி எய்ம் என்ற பெர்க் எடுத்தால் மூன்று மடங்கு, 45. புது வில் எதுவும் வாங்காமலே இவ்வளவு. டீட்ரிக் வில் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருப்பவர்கள் நிறைய. அந்த வில்லின் சேதம் 19தான்.

சரி, பார்வையில் படாமல் நிற்பது எப்படி? குனிந்ததும் திரையின் நடுவில் ஒரு கண் வரும். அது மூடியிருந்தால் யாருக்கும் நீங்கள் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் யாரோ சந்தேகப்படுகிறார்கள். அதைத் திறக்க வைப்பவை வெளிச்சம், சத்தம், நேர்ப்பார்வை. கையில் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு பதுங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர் ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் பால் வெட்டப் போகிறவரின் நெற்றி விளக்கை நினைத்துப் பாருங்கள். அந்த வெளிச்சம் மரங்களுக்கு இடையில் நகர்வது தூரத்து ரோட்டில் நிற்பவருக்குக்கூடத் தெரியும். ரோட்டில் இருட்டில் நிற்பவரை அவருக்குத் தெரியாது. நீங்கள் ரோட்டில் நிற்கிறவராக இருக்க வேண்டும். பந்தத்தை உள்ளே வையுங்கள். கனமான காலணியைக் கழற்றுங்கள். ஓடாதீர்கள்.

ஒரு இடத்தை வைத்துச் சொல்கிறேன். ஹெல்கனிலிருந்து ரிவர்வுட் வரும் வழியில் எம்பர்ஷார்ட் சுரங்கம் இருக்கிறதே, அங்கே போயிருப்பீர்கள். முன்பே காலி செய்திருந்தாலும் கவலை இல்லை. கேமுக்குள் 30 நாள் கழிந்தால் மறுபடி ஆள் நிரம்பிவிடும். உள்ளே இறங்கியதும் தரையை ஒட்டி ஒரு கயிறு கட்டியிருக்கும். மிதித்தால் பாறை உருளும், அத்தனை பேருக்கும் கேட்கும். அதை விலகித் தாண்டினால் கீழே இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டு பேர்தான் உங்கள் பிரச்சினை. மேலே இருட்டில் குனிந்தபடியே நில்லுங்கள், கண் மூடுகிற வரை. நாணை முழுவதும் இழுங்கள். பாதி இழுத்த அம்பு தூரமும் போகாது, சேதமும் குறைவு. முதல் அம்பு தூரத்தில் நிற்பவனுக்கு. அவன் விழுந்ததும் மற்றவன் அம்பு வந்த திசையைத் தேடி வருவான். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். அதே இடத்தில் நின்று பதற்றத்தோடு இரண்டாவது அம்பைப் பூட்டுகிறார்கள். நீங்கள் குனிந்தபடியே பின்னால் நகர்ந்து, பக்கவாட்டில் ஒரு பாறைக்கோ மரத்தூணுக்கோ பின்னால் போய்விடுங்கள். கண் மறுபடி மூடிவிட்டால் அடுத்த அம்புக்கும் அதே இரண்டு மடங்கு உண்டு. கொஞ்ச நேரம் தேடிவிட்டு அவன் தானாகவே விட்டுவிடுவான். அந்தப் பொறுமை உங்களிடம் இருக்க வேண்டும்.

இரண்டு பேரும் ஒட்டி நின்றால் தூரச் சுவரில் ஒரு அம்பை விடுங்கள். அம்பு பட்ட சத்தத்துக்கு ஒருவன் நகர்ந்து போவான். ஒரு இரும்பு அம்பு செலவு, ஆனால் இரண்டு பேரைப் பிரித்துவிட்டீர்கள்.

கேமில் அம்பு தூரம் போகப் போகத் தாழும். அதனால் தூரத்து ஆளுக்குத் தலைக்குச் சற்று மேலே குறி வையுங்கள். காற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று விட்ட அம்பு எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது, ஸ்கைரிமில் காற்று அம்பைத் தொடுவதே இல்லை.

இவ்வளவு செய்தும் ஒருவன் கிட்ட வந்துவிட்டால்? நாணை இழுத்தபடி பின்னால் நடக்காதீர்கள். இழுத்த நிலையில் நடை மெதுவாகிவிடும், அவன் ஓடி வருகிறான். அம்பை இறக்கி, ஓடி, தூரம் ஏற்படுத்தி, பிறகு திரும்பி நின்று அம்பை விடுங்கள். அவனால் ஏற முடியாத பாறை கிடைத்தால் இன்னும் நல்லது. துணைக்கு ஆள் வைப்பதாக இருந்தால் முன்னால் நின்று அடி வாங்குகிறவரை வையுங்கள். வைட்ரன் நகரில் தேன் (Thane) என்ற பிரபுப் பட்டம் கிடைத்ததும் வருகிற லிடியா போதும். வில்லாளிக்கு இன்னொரு வில்லாளி துணை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு பேரும் பின்னால் நின்றால் முன்னால் யார்?

இப்போது பெர்க். லெவல் 12 என்றால் இதுவரை 11 பெர்க் வந்திருக்கும், அதில் வில்லுக்கு ஒன்று. போனது போகட்டும், உங்கள் நிலையில் அதைத் திருப்பி வாங்க வழியில்லை. அடுத்து வருவதை இரண்டே மரத்தில் போடுங்கள். ஸ்னீக்கில் ஸ்டெல்த், பேக்ஸ்டாப், டெட்லி எய்ம் என்ற மூன்றும் வரிசையாக வரும், கடைசியானதற்கு ஸ்னீக் 40 இருக்க வேண்டும். பேக்ஸ்டாப் கத்திக்கானது, ஆனாலும் அதைத் தாண்டாமல் மேலே ஏற முடியாது. ஆர்ச்சரி என்ற வில் திறனில் ஓவர்ட்ராவின் இரண்டாம் படி 20இல், ஈகிள் ஐ 30இல், ஓவர்ட்ராவின் மூன்றாம் படி 40இல். 60 எட்டியதும் ரேஞ்சர் எடுக்க முடியும். அதற்கு முன்னால் கிரிட்டிகல் ஷாட், ஹன்டர்ஸ் டிசிப்ளின் இரண்டையும் எடுத்தாக வேண்டும். வீண் செலவு என்று பலர் அந்தப் பாதையை ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன். நாணை இழுத்தபடியே வேகமாக நகர விடுவது ரேஞ்சர்தான், கால் சொன்னபடி கேட்கும். லெவல் ஏறும்போது ஹெல்த் (உயிர்) இரண்டு முறை கூட்டினால் ஸ்டாமினா (தெம்பு) ஒரு முறை. ஈகிள் ஐயில் குறியைப் பெரிதாக்கும்போது ஸ்டாமினாதான் கரையும்.

தீஃப் ஸ்டோன் தொட்டது தவறில்லை, ஆனால் அது வில்லுக்கு உதவாது. ஆர்ச்சரி இந்த கேமில் வாரியர் கல்லின் கணக்கில் வருகிறது, ஸ்னீக்தான் தீஃபில் இருக்கிறது. இரண்டும் தன்தன் பக்கத்தை 20 சதவீதம் வேகமாக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஸ்னீக் 40 வரும் வரை தீஃபையே வைத்திருந்து, பிறகு நடந்து போய் வாரியரைத் தொடுவேன்.

அதுவரை வில்லை வளர்க்க ரிவர்வுட்டில் ஃபெய்ண்டல் இருக்கிறார். கமில்லா என்ற பெண்ணை அவரும் இன்னொருவரும் விரும்புகிறார்கள், அந்த விஷயத்தில் அவர் பக்கம் நின்றால் துணையாக வருவார். ஆர்ச்சரியை 50 வரை அவர் சொல்லித்தருவார், ஒரு லெவலுக்கு ஐந்து பாடம். துணையாக இருக்கும்போது நீங்கள் கொடுத்த காசு அவர் பையிலேயே இருக்கும், பொருள் மாற்றும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதை ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. என் பார்வையில், பெர்க்கைச் சிதறவிட்ட ஒருவருக்கு இது நியாயமான கைத்தாங்கல். பாடம் முடிந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு லிடியாவைக் கூப்பிடுங்கள். காசில்லாமல் பழக வேண்டும் என்றால் ஃபால்க்ரீத்துக்குத் தெற்கே மலைமேல் ஏஞ்சியின் முகாம் இருக்கிறது, அங்கே இலக்குப் பலகையில் பயிற்சி செய்தே சில புள்ளி ஏறும்.

அம்பு தீர்வதற்கு மருந்து எளிது. டான்கார்ட் என்ற கூடுதல் பகுதி சேர்ந்த பதிப்பில் பட்டறையில் ஒரு விறகும் ஒரு இரும்புக் கட்டியும் கொடுத்தால் 24 அம்பு கிடைக்கும். விறகை ரிவர்வுட் மரமில்லில் நீங்களே பிளக்கலாம், இரும்புத் தாது எம்பர்ஷார்ட்டிலேயே இருக்கிறது. ஸ்டீல் அம்பு கிடைத்தால் விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் அம்பின் சேதம் 10, வில்லை மாற்றாமலே இரண்டு கூடுகிறது. விழுந்தவர்களின் உடலில் தேடாமல் நகராதீர்கள், விட்டதில் மூன்றில் ஒன்று திரும்பக் கிடைக்கும்.

வில்லில் கனமானது எல்லாம் மெதுவானது. எபோனி, டீட்ரிக் இரண்டும் நாண் இழுபட நேரம் எடுக்கும். அதனால் இரண்டு வில் வையுங்கள், முதல் மறைவு அம்புக்குக் கனமானது, அதற்குப் பிறகு ஹன்டிங் வில். இரண்டையும் ஃபேவரிட்டில் போட்டு எண் விசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விஷத்தை மறக்காதீர்கள். கேனிஸ் ரூட்டும் இம்ப் ஸ்டூலும் சேர்த்தால் உடலை முடக்கும் விஷம் கிடைக்கும். வில்லில் தடவினால் ஒரு அம்புக்கு வரும். அந்த அம்பை முதலில் செலவழிக்காதீர்கள், ஓடி வருகிறவனுக்காக வைத்திருங்கள். ஜூனிப்பர் பழமும் எல்வ்ஸ் இயரும் சேர்ந்தால் வில்லின் சேதத்தைக் கூட்டும் மருந்து, குடித்துவிட்டுச் சண்டைக்குள் போகலாம்.

டிராகனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் லெவல் 12க்கு அது அடிக்கடி வந்துகொண்டே இருக்கும். வட்டம் சுற்றும்போது விடாதீர்கள், அம்பெல்லாம் வானத்துக்குப் போகும். ஒரு பாறைக்குப் பின்னால் நின்று, அது ஒரே இடத்தில் மிதந்து நெருப்பு ஊதி முடித்த அந்தக் கணம் வெளியே வந்து ஒன்று, மறுபடி உள்ளே. தரையில் இறங்கினால் வாயின் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருங்கள்.