பெற்ற தாய்க்கு எதற்குக் கார்டியன் பேப்பர்?

கேள்வி: நாங்கள் குடியாத்தம். என் மகனுக்கு வரும் ஆவணியில் 18 வயது முடிகிறது. மனவளர்ச்சி குன்றியவன், 60 சதவீதம் என்று சான்றிதழ் வைத்திருக்கிறோம். மாதாமாதம் 2000 ரூபாய் உதவித்தொகை அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் ஏறுகிறது. 18 முடிந்த பிறகு நான் கையெழுத்துப் போட்டு எடுக்க முடியாது, கார்டியன் பேப்பர் கொண்டு வாருங்கள் என்கிறார்கள். பெற்ற தாய்க்கு எதற்குப் பேப்பர்? வீட்டுக்காரர் லுங்கி நெய்கிறார், 58 வயது, சர்க்கரை இருக்கிறது. மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்துவிட்டோம். எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்? இப்போதே ஏதாவது ஹோமில் சேர்த்துவிடலாமா? அவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவுக்குத் தார் (தறி நாடாவுக்குள் வைக்கும் நூல் குச்சி) சுற்றிக் கொடுப்பான், அவ்வளவுதான்.

பதில்: வங்கிக்காரர் சொன்னது சரிதான் அம்மா. 18 நிறைந்த அன்று சட்டத்தின் கணக்கில் உங்கள் மகன் மேஜர். தாய் தகப்பன் என்பதால் அதுவரை தானாக இருந்த கார்டியன் உரிமை அன்றோடு நின்றுவிடும். சான்றிதழில் 60 சதவீதம் இருந்தாலும் 90 இருந்தாலும் இதுதான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தகப்பனாரோடு இதே விஷயமாக வங்கிக்குப் போயிருந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் பையனைப் பார்த்து, எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கேட்டார். பையன் கண்ணாடித் தடுப்பில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "நான்தான் சார் அப்பா" என்றார் இவர். "தெரியுது சார். ஆனா அக்கவுண்ட் அவர் பேர்ல இருக்கே." வெளியே வந்து படியில் உட்கார்ந்தவர் கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். "என் பையனை ஒருத்தர் 'அவர்'னு சொல்லி இன்னைக்குத்தான் கேக்கறேன்" என்றார்.

சரி, பேப்பருக்கு வருவோம். 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு (உங்கள் சான்றிதழில் மனவளர்ச்சி குன்றியவர் என்று இருப்பதும் இதுதான்), பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் அது பொருந்தும். இதற்கு நீங்கள் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. கலெக்டர் தலைமையில் மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர் அளவிலான குழு உண்டு. பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதியும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் இருப்பார்கள். நீங்களும் கணவரும் சேர்ந்தே மனுப் போடலாம். உங்கள் இருவரின் ஆதார், ரேஷன் கார்டு, மகனின் ஆதார், வயதுச் சான்று, ஊனச் சான்று, யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டை), போட்டோக்கள் எல்லாவற்றையும் இப்போதே ஒரு கவரில் போட்டு வையுங்கள். 18 நிறைந்த கையோடு மனுவைக் கொடுத்துவிடலாம். குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் கொடுத்த மறுநாளே கையில் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

குடியாத்தம் இன்னும் வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது, அதனால் உங்களுக்குக் குழப்பமில்லை. மனு வாங்குமிடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். விவரம் தெரியாவிட்டால் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குப் போனால் அந்த அலுவலர்களையே பார்த்துவிடலாம். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகும் பழைய நினைப்பில் வேலூருக்கு வந்து திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும்.

குழு கொடுக்கும் கார்டியன் சான்றிதழை வங்கிகள் ஏற்றுக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. கிளையில் யாராவது முழித்தால் மேனேஜரிடம் அதைச் சொல்லுங்கள். ஆனால் கார்டியன் என்றால் சொத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. நியமனமான 6 மாதத்துக்குள் மகன் பெயரில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலையும், அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் கொடுக்க வேண்டும். 2000 ரூபாய்க்குக் கணக்கா என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். நாற்பது பக்க நோட்டில் மாதம் இரண்டு வரி எழுதினால் போதும்.

மகனின் ஊனச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். அறிவுசார் குறைபாட்டுக்குச் சிறுவயதில் கொடுப்பது நிரந்தரச் சான்று இல்லை. 5, 10, 18 வயதுகளில் மறுபடி பரிசோதித்துப் புதுப்பிக்க வேண்டும். 18-ல் கிடைப்பதுதான் ஆயுளுக்கும் நிற்கும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதை முடித்துக்கொள்ளலாம். இதை விட்டுவிட்டால் உதவித்தொகைக்கே சிக்கல் வரும்.

தாசில்தார் ஆபீசில் இன்னொரு பென்ஷனும் எழுதித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். இந்த உதவித்தொகையையும் அதையும் சேர்த்து வாங்க முடியாது. டவுன் பஸ்ஸில் அவனுக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே தேசிய அறக்கட்டளையில் 'நிராமயா' என்ற காப்பீடு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, ஆஸ்பத்திரியில் படுக்காமல் வாங்கும் மருந்துக்கும் தெரப்பிக்கும்கூட ஒரு பங்கு கிடைக்கும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

இனி ஹோம். இப்போது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே தார் சுற்றுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அதுதான். தறிக்காரர் வீட்டில் தார் சுற்றுவது சும்மா இல்லை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ராட்டையைச் சீராகச் சுற்ற வேண்டும். நூல் ஒரு பக்கம் மேடு தட்டாமல் ஏற வேண்டும், அறுந்தால் கை நிற்க வேண்டும். அறுந்த நூலுக்கு அவனே முடிச்சுப் போடுகிறானா, உங்களைக் கூப்பிடுகிறானா? எத்தனை தார் ஆனதும் எழுந்துவிடுகிறான்? யார் பக்கத்தில் இருந்தால் நன்றாகச் செய்கிறான்?

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். அவன் எத்தனை மணிக்கு எழுவான், எந்தத் தட்டில் சாப்பிடுவான், வயிறு வலித்தால் எப்படிக் காட்டுவான், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், என்ன மாத்திரை, எந்த டாக்டர். நாளைக்கு மகள் பார்த்துக்கொண்டாலும், ஹோமில் பார்த்துக்கொண்டாலும், கார்டியன் சான்றிதழைவிட இந்த நோட்டைத்தான் முதலில் தேடுவார்கள். இப்போது இது முழுக்க உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது. உங்களுக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்?

அதனால் மகளிடம் பேசுங்கள். நீ பார்த்துக்கொள்வாயா என்று மொட்டையாகக் கேட்டால் எந்தப் பெண்ணும் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துத் தயங்குவாள். அப்படிக் கேட்காமல், லீவுக்கு நான்கு நாள் தம்பியை ஓசூரில் விட்டுவிட்டு வாருங்கள், நோட்டோடு. எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று இரண்டு பக்கமும் தெரிந்துவிடும். உங்கள் இருவருக்கும் பிறகு கார்டியனாக அவள் அதே குழுவிடம் மனுப் போடலாம். வீடு சொந்தமாக இருந்தால் அவசரத்தில் மகன் பெயருக்கோ, "அவள் பார்த்துப்பா" என்று மொத்தமாக மகள் பெயருக்கோ எழுதிவிடாதீர்கள். அவன் ஆயுள்வரை அனுபவிக்கும்படி எழுதுவதா, ஒரு டிரஸ்டாக வைப்பதா என்று பத்திரம் பதிகிறதற்கு முன்னால் ஒரு வக்கீலைக் கேளுங்கள்.

வருத்தம் ஒன்று சொல்லவா? வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் 'நம்பிக்கை நிலையம்' இருக்கிறது. பிள்ளையோடு தாய் தகப்பனும் தங்கிப் பயிற்சி எடுக்கிற இடம். இவன் சின்னவனாக இருந்தபோதே நீங்கள் அங்கே போயிருந்தால் இன்றைக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். சிறு பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் தள்ளிப்போடாதீர்கள். காட்பாடியில் 1, 2 நம்பர் பஸ் ஏறினால் பாகாயத்தில் இறங்கலாம்.

பின்னால் ஹோம்தான் வழி என்று ஆகிவிட்டால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்கீழ் பதிவு பெற்றதா என்று முதலில் நல அலுவலகத்தில் கேளுங்கள். அப்புறம் சொல்லாமல் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் நில்லுங்கள். பாத்ரூமைப் பாருங்கள். அங்கே இருப்பவர்கள் அவரவர் துணியைப் போட்டிருக்கிறார்களா, மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்ததையா என்று பாருங்கள். ஆபீஸ் ரூமில் காட்டும் ஆல்பத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

கலெக்டர் ஆபீசுக்குப் போகும்போது அவனையும் கூட்டிப்போங்கள், வெளியே மரத்தடியில் உட்கார வைக்காதீர்கள். கைநாட்டே போதும் என்று விட்டுவிடாமல் ஆவணிக்குள் பெயர் எழுதப் பழக்கிப் பாருங்கள், தறிக் கணக்கு நோட்டிலேயே. பச்சை நூல் கேட்டால் பச்சையை எடுத்துக் கொடுக்கிறானா என்றும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.